தெருவை அளந்த கோடை

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நாட்களுக்கென்று ஒரு வாசனை உண்டு. நம் வயதுக்காரர்களைக் கேட்டால் புதுப் புத்தக வாசனை என்பார்கள். எனக்கு அது கஞ்சி போட்ட புதுத் துணியின் வாசனை. தையல் மெஷின் எண்ணெயும் கரி இஸ்திரிப் பெட்டியின் சூடும் அதில் கலந்திருக்கும். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் ஒரு தையற்கடை இருந்தது. கோடை விடுமுறை விட்டதும் தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளின் சீருடைத் துணியும் அந்தக் கடைக்கு வந்து சேரும். காக்கியும் நீலமும் வெள்ளையுமாக மடித்த துணிகள் கூரையை முட்டுவதுபோல் அடுக்கிக் கிடக்கும். அந்த ஒரு பருவத்து வேலைதான் தையற்காரர் வீட்டுக்கு ஆண்டின் பாதிச் சாப்பாடு என்று அம்மா சொல்வாள்.

தையற்காரரின் மகள் என் வகுப்பு. ஒல்லியாக, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தையற் சுண்ணாம்புக் கட்டியைச் செருகிக்கொண்டு திரிவாள். எதையாவது உற்றுப் பார்த்தால் அவள் அப்பாவைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்குவாள்.

அந்த ஆண்டு விடுமுறைக்கு முன்னால் டீச்சர், பள்ளி திறந்ததும் பொருட்காட்சி நடக்கும், தலைப்பு ‘நம் ஊர்’, ஆளுக்கு ஒன்று செய்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் கலங்கரை விளக்கம் என்றார்கள். மீதிப் பேர் மாதா கோயில், கடற்கரைச் சிலை. தையற்காரர் மகள் எழுந்து, எங்கள் தெருவைச் செய்யலாமா என்று கேட்டாள். தெருவில் என்ன இருக்கிறது என்றார் டீச்சர். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். வகுப்பு சிரித்தது. நானும்தான். ஆனால் மத்தியானம் அவளோடு வீட்டுக்கு நடக்கும்போது, நாம் இரண்டு பேரும் சேர்ந்தே செய்வோம் என்று ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கலங்கரை விளக்கம் வரைய வராது.

அவள் தொடங்கிய விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஒரு தாளை எடுத்து நினைவிலிருந்து தெருவை வரையச் சொன்னாள். நானும் வரைந்தேன், அவளும் வரைந்தாள். பிறகு இரண்டு பேரும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். நான் எல்லா வீட்டுக்கும் நடுவில் கதவு வைத்திருந்தேன். நடுவில் கதவுள்ள வீடு தெருவிலேயே சிலதுதான் இருந்தது. அவள் மளிகைக்கடைக்கு மாடியே வைக்கவில்லை. அந்தக் கடைக்குத் தினமும் போகிறவள் அவள். மேலே நிமிர்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். தாளைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “நாம இந்தத் தெருவப் பாத்ததே இல்லடி” என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு வைத்த, மஞ்சள் மெழுகுத் துணி நாடா. வீட்டுக்கு அது குட்டை. அதனால் பாவாடை நாடாக்களை முடிந்து நீளமாக்கி, அளவு நாடாவை வைத்துச் சுண்ணாம்பில் குறி போட்டுக்கொண்டாள். ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். மறுமுனையோடு அவள் ஓடுவாள். கதவு, தூண், தூணுக்குத் தூண் இடைவெளி, தாழ்வாரத்தின் அகலம் எல்லாவற்றையும் அளந்தாள்.

எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிற தெரு. வீடுகளின் கீழ்ப்பாதி நம்மூர் மாதிரி: ஓட்டுச் சாய்ப்பு, மரத்தூண் அல்லது சுண்ணாம்புத் தூண் வைத்து தெருவைப் பார்த்த தாழ்வாரம். சில வீடுகளில் மேல்பாதி வெள்ளைக்காரன் மாதிரி: வளைந்த ஜன்னல், சாய்சட்டம் வைத்த பச்சைக் கதவு, கைப்பிடிச் சுவரில் பானை பானையாகக் குட்டைத் தூண்கள். வேட்டி கட்டி மேலே கோட்டுப் போட்டது மாதிரி என்று அவள் சொன்னாள். தையற்கடையில் பிறந்தவளுக்கு எல்லாமே துணிதான். வீட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டை இருக்கிறது என்பாள். தாழ்வாரம் கழுத்துப்பட்டையாம். சாக்கடை ஓரம் மடித்துத் தைத்த விளிம்பாம். எனக்கு அது முதலில் விளையாட்டாக இருந்தது. போகப் போக நானும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

நாங்கள் அளப்பதை ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

தெருக்குழாயில் பேச்சு தொடங்கியது. தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள், அதற்காகத்தான் தாழ்வாரத்தை அளக்கிறார்கள், பெரியவர்கள் வந்தால் சண்டை வரும் என்று பெண் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். உப்பளத்துப் பக்கம் ஏற்கெனவே இடித்தாகிவிட்டதாம் என்று யாரோ சேர்த்தார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா அந்தப் பேச்சை அடுத்த தெருவுக்கும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனார். கடைக்கு முன்னால் சாக்கடை மேல் பலகை போட்டு மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த மளிகைக்கடைக்காரர், இரவோடிரவாகப் பலகையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவர்களுக்கு அது வீடு போகிற பயம்.

தெருவின் பெரிய வீடு சொல்தா தாத்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கைத்தடியோடு வெயிலில் நடந்தே மேரிக்குப் போனார். நகராட்சி அலுவலகத்தைப் பெரியவர்கள் அந்தப் பேரால்தான் சொல்வார்கள். தெருவுக்காக நியாயம் கேட்கப் போனார். அப்படி ஒரு உத்தரவே இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தவர் நேராகத் தையற்கடை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தெரு கூடியது.

தையற்காரர் மெஷினை நிறுத்தினார். மகளைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், என்ன செய்கிறாய் என்று கேட்டார். என் கையில் நாடாவின் முனை இருந்தது.

“பாக்கறேன், அத்தா” என்றாள் அவள்.

“பாக்கறதுக்கு எதுக்கு அளக்கற?”

“அளந்தாதான் கண்ணு நிக்குது. சும்மா பாத்தா ஓடிப்போவுது.”

அதை யாரும் நம்பவில்லை. இந்தப் பதிலை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் சொன்னால் நானும் இன்றைக்கு நம்புவேனா என்பது சந்தேகம். சொல்தா தாத்தா கைத்தடியை நீட்டி, “எஸ்பியோன்” என்றார். உளவாளி என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மளிகைக்கடைக்காரர் உள்ளே வந்து அடுக்கிலிருந்து தன் பிள்ளைகளின் துணியை உருவி எடுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். அடுக்கு கண்ணெதிரே சரிந்து குட்டையாகியது. தையற்காரர் யாரையும் தடுக்கவில்லை. துணி மடிப்புக் கலையாமல் அவரே எடுத்துக் கொடுத்தார்.

கூட்டம் போன பிறகு அவர் மகளை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாடாவைக் கேட்டு வாங்கினார், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், அளவு நாடாவைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்தார். பிறகு சொன்னது இவ்வளவுதான்: “எங்கிட்ட வர்றவங்க அவங்களா கையத் தூக்கி நிப்பாங்க. அப்பதான் நான் நாடாவ வெப்பேன். நீ யாரக் கேட்ட?”

அவள் அன்றைக்கு அழுதாள். நாடா போனதற்கு அவள் அழவில்லை. துணி அடுக்கு குட்டையானதைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவும் இனி அந்தப் பக்கம் போகாதே, நாம் வாடகைக்கு இருக்கிறவர்கள், வம்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இரண்டொரு நாள் நான் போகவில்லை. பிறகு ஒரு காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டு போகிறாள். உங்கள் வீட்டைப் பார்க்கலாமா, வெளியிலிருந்து மட்டும், அளக்க மாட்டேன். பெரும்பாலும் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் துரத்தினார். அவள் அடுத்த வாசலுக்குப் போனாள். அந்தக் குட்டி முதுகைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

முதலில் சரியென்றது மளிகைக்கடைக்காரரின் மனைவி. “தூணத் தொட்டுதான் பாரேன், கரைஞ்சா போவுது” என்றார். உச்சி வெயில் நேரம். சுண்ணாம்பு பூசித் தேய்த்த தூண், முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. தோழி கன்னத்தை வைத்தாள். நானும் வைத்தேன். தெரு கொதிக்கிறது, தூண் பானைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடக்கிறது. கடைக்கார அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்து, தானும் ஒரு தரம் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

நாடா இல்லாத அந்த நாட்களில்தான் நாங்கள் நிறையப் பார்த்தோம். அளவுக்கு என்ன செய்வது? என்னைக் கதவுக்கு எதிரே தெருவில் நிற்கச் சொல்வாள். என் ரிப்பன் தாழ்ப்பாளுக்கு எந்த உயரத்தில் வருகிறது என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். நான்தான் அளவுகோல். அந்த மாதிரி நின்று நின்று எனக்கும் வேறு வேலை இல்லாமல் பார்க்கப் பழகியது. காலையில் ஆட்கள் தெருவின் வடக்கு ஓரமாகவே நடந்தார்கள். அந்தக் கோடையில் நிழல் அங்கேதான் விழுந்தது. மத்தியானம் சாய்ந்ததும் கிழக்கிலிருந்து கடற்காற்று வாய்க்காலைத் தாண்டி, அதன் நாற்றத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும். முதல் வீட்டுத் திரை ஆடும், பிறகு இரண்டாவது, பிறகு எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டி. காற்று நடந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தந்த வீட்டுக் கதவுகளும் அதே வரிசையில் திறக்கும், பெண்கள் காய் நறுக்க வெளியே வந்து உட்காருவார்கள். காற்றுதான் தெருவை எழுப்புகிறது என்று நான் சொன்னேன். அவள் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

ஒரு நாள் கோடை மழை அடித்தது. எல்லாரும் உள்ளே ஓட, நாங்கள் வெளியே ஓடினோம். எந்த வீட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தச் சுவரில் கறை இறங்குகிறது, தெரு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தோம். நனைந்து வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல். அதற்குக்கூட வருத்தமில்லை.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, தையற்காரர் ஒரு கட்டுக் காகிதத்தை மகள் முன்னால் வைத்தார். சட்டைக்கு மாதிரி வெட்டுகிற பழுப்புக் காகிதம். துணி குறைந்துபோனதால் காகிதம் மிச்சம் என்றார். எங்கள் தெரு அந்தக் காகிதத்தில்தான் எழுந்தது. அவள் ஒவ்வொரு வீட்டையும் சட்டையின் முன்பக்கம்போல வெட்டி, பின்னால் பழைய அட்டை வைத்து ஒட்டினாள். ஜன்னல் கதவுகளைத் திறந்து மூடுகிற மாதிரி மடித்துவிட்டாள். தூண்களைச் சுருட்டுவது என் வேலை. வர்ணம் வாங்க வழியில்லை. நிழல் விழும் இடங்களில் மட்டும் இஸ்திரிப் பெட்டிக் கரியைத் தேய்த்தாள்.

பொருட்காட்சியில் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, கலர் இல்லையே என்றார். சோப்பில் செதுக்கிய கலங்கரை விளக்கம் வாசலுக்கு எதிரே நின்றது. பரிசும் அதற்குத்தான். எங்கள் தெரு கடைசி வரிசையில், தண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்தில், இரண்டு பெஞ்சைச் சேர்த்துப்போட்டு அதன்மேல் கிடந்தது. டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் தினமும் ரிக்‌ஷாவில் அந்தத் தெரு வழியாகத்தான் வருவார். தெருவென்றால் கடந்து வருகிற இடம் என்றுதான் நம் எல்லாரையும்போல அவரும் நினைத்திருந்தார்.

மளிகைக்கடைக்கார அம்மா எப்படியோ தெருவில் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலில் இருந்த கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நேராகப் பின்வரிசைக்குப் போனார்கள். குனிந்து தங்கள் வீட்டைத் தேடினார்கள். கண்டுபிடித்ததும் குரல் மாறிவிடும். என் வீட்டு ஓடு உடைந்திருப்பதைக்கூட வைத்திருக்கிறாளே என்று ஒருவர். எதிர்வீடு நம் வீட்டைவிட உயரமா என்று இன்னொருவர், அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறவர்போல. மளிகைக்கடைக்காரர் தன் மாடிக் கைப்பிடிச் சுவரின் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணினார். மறுநாள் அவர் பிள்ளைகளுக்கு இன்னும் தைக்காமல் கிடந்த துணி மறுபடி கடைக்கு வந்தது. எல்லாருடையதும் வரவில்லை. அந்த ஆண்டு தையற்காரர் வீட்டில் கஷ்டம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, மூடுகிற நேரத்தில் சொல்தா தாத்தா வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வீட்டு மாடியின் ஐந்து ஜன்னல்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் திறக்கப் பார்த்தார். நாலாவது திறக்கவில்லை.

“இதுக்கு ஏன் மடிப்பு வெக்கல?”

“அது தொறக்காது தாத்தா. ஜன்னல் இல்ல அது. சும்மா கதவு மட்டும் மாட்டிருக்கு. பின்னாடி சுவரு.”

“கல்யாணம் பண்ண நாள்லேர்ந்து அந்த வீட்டுல இருக்கேன். நீ எப்ப உள்ளாற வந்து பாத்த?”

“வரல. வெளக்கு வெக்கற நேரத்துல மத்த நாலு ஜன்னல்லதான் வெளிச்சம் தெரியுது. மழைல எல்லா ஜன்னல் கீழயும் கற வந்துது. அது கீழ மட்டும் வரல. தொறந்து மூடற ஜன்னல்தான தண்ணி வுடும்?”

அவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான் பயந்தேன். அவள் பயந்த மாதிரி தெரியவில்லை. நாலாவது ஜன்னலை வருடியபடி, நாம் தப்பாகப் பார்த்திருந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விதான் அவளை எனக்குப் பெரியவளாகக் காட்டியது. பின்னாளில் அவள் பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்தாள், வாழ்நாளெல்லாம் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டாள். கதிர்காமத்தில் என் மகன் கட்டிய வீட்டுக்கும் அவள்தான் போட்டாள். மனையில் ஒரு நாள் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வெயிலைப் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுத்தாள். நான் பள்ளி ஆசிரியையானேன். பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போகிற டீச்சர் என்று எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

பொருட்காட்சி முடிந்த மறுநாள் காலை, சொல்தா தாத்தா தையற்கடை வாசலில் வந்து நின்றார். தையற்காரர் எழுந்து நின்றார். உன் பெண்ணை என் வீட்டுக்கு அனுப்பு, அவள் மாடிக்குப் போக வேண்டும் என்றார் தாத்தா. நானே பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் உள்ளே இருந்தால் வெளியே தெரியவில்லை, வெளியே வந்தால் உள்ளே தெரியவில்லை, இத்தனை வருஷமும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறேன் போலிருக்கிறது என்றார். தையற்காரர் மகளைப் பார்த்து, “அவங்களா கூப்புடறாங்க, போ” என்றார்.

தாத்தா தன் கைத்தடியை அவளிடம் கொடுத்து மேலே அனுப்பினார். தடி இல்லாததால் தெருவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனமான கை. கோட்டில் நாப்தலீன் உருண்டை வாசனை. விஷயம் எப்படியோ பரவி, தாழ்வாரங்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். மளிகைக்கடையில் தராசு அப்படியே தொங்கியது.

மேலே முதல் ஜன்னல் திறந்தது. அவள் தாவணிபோல் போட்டிருந்த துண்டை எடுத்து ஆட்டினாள். ஒன்று என்று யாரோ சத்தமாக எண்ணினார்கள். இரண்டாவது திறந்தது. மூன்றாவது திறந்தது. பிறகு அவள் கால் சத்தம் மரத்தரையில் ஓடுவது கேட்டது, கோடியில் இருந்த ஜன்னல் திறந்தது, துண்டு ஆடியது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள் என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவள் கத்துகிறவர்களைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு உள்ளே மறைந்தாள்.

தெரு அடங்கியது. நாலாவது ஜன்னலின் பச்சைக் கதவு அசையவில்லை. அதற்குப் பின்னாலிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல, கைத்தடியால் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

தாத்தாவின் கை என் தோளில் இறுகியது.

“இன்னொரு தரம் தட்டச் சொல்லு” என்றார்.